அபுனய் என்றால் ஆபத்து இல்லை

1

இது கதையாகப் பிறக்கவில்லை. ஜப்பானிய மொழியைத் தமிழில் சொல்லித்தரும் புத்தகம் ஒன்றுக்கு ஆறாம் பாடத்தை எழுதித் தரும்படி என்னைக் கேட்டிருந்தார்கள். தொடக்கநிலை மாணவர்களுக்குப் பெயரடைகளைத் திரிக்கக் கற்றுக்கொடுக்கும் பாடம்.

தமிழில் 'குளிரான' என்று ஒரு பெயருக்கு முன்னால் வைத்துவிட்டால் அந்தச் சொல்லின் வேலை முடிந்தது. நேற்றா இன்றா, உண்டா இல்லையா என்பதை வாக்கியத்தின் கடைசியில் வரும் வினை பார்த்துக்கொள்ளும். ஜப்பானியத்தில் அப்படி இல்லை. பெயரடையே காலம் காட்டும், பெயரடையே மறுக்கும். 'சமுய்' என்றால் குளிராக இருக்கிறது. வால் எழுத்தைக் கிள்ளிவிட்டு 'குனய்' ஒட்டினால் 'சமுகுனய்', குளிராக இல்லை. 'கத்தா' ஒட்டினால் 'சமுகத்தா', குளிராக இருந்தது. இரண்டையும் கோத்தால் 'சமுகுனகத்தா', குளிராக இருக்கவில்லை.*

இதற்கு நான்கு எடுத்துக்காட்டுகள் எழுதினேன். அறை குளிராக இருக்கிறது. அறை குளிராக இல்லை. அறை குளிராக இருந்தது. அறை குளிராக

நான்காவதில் நின்றுவிட்டேன். எந்த அறை? எனக்குத் தெரிந்த அறைகளெல்லாம் இலங்கை மலையகத்து அக்கரப்பத்தனையின் லயத்துக் காம்பராக்கள், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசைவீட்டு அறைகள். அவற்றில் எதுவும் குளிராக இல்லாமல் இருந்ததே இல்லை. ஆகவே 'அறை' என்பதை அடித்து 'லயத்துக் காம்பரா' என்று எழுதினேன். எழுதியதும் அதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள். வந்தவர்கள் எந்த நாட்டுக்காரர்கள் என்ற கேள்வியும் கூடவே வந்துவிட்டது.

பதிப்பாசிரியர் திருப்பி அனுப்பினார். 'எடுத்துக்காட்டுகளில் அரசியல் வேண்டாம். பூ, மலை, தேநீர் என்று எழுதுங்கள்.'

தேநீரைப் பற்றித்தான் எழுதுகிறேன், ஐயா.

(* இது ஒருவகைப் பெயரடைக்கு மட்டும். திரியவே திரியாத இன்னொரு வகையும் உண்டு. அது ஏழாம் பாடம். அதை எழுத என்னைக் கூப்பிட மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பனி விலகாத ஒரு காலைப்பொழுதில், பச்சைக் கம்பளம் விரித்த மலைச்சரிவில்'. தேயிலைப் பெட்டியின்மேல் ஒட்டுகிற படம்போல இருந்தது. கிழித்தேன்.

பிறகு: 'கணேசமூர்த்தி நல்லவன். தன்னைப்போலவே பிறரையும்'. இதையும் விட்டேன். நல்லவன் என்று எழுதினால், வாசகரே, நீங்கள் அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவீர்கள். உங்களை எனக்குத் தெரியும்.

மூன்றாவது: 'கணேசமூர்த்தி கோபக்காரன்.'

இதுதான். இங்கிருந்து போகலாம்.

கணேசமூர்த்தி கோபக்காரன். கரும்பாறைத் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், இயந்திரங்களைப் பார்த்துக்கொள்பவன். பிறந்தது அதே தோட்டத்தின் நடு லயத்தில். எட்டாம் வகுப்புவரை படித்தவன். இயந்திரம் நின்றுபோனால் அதைத் திட்டுவான். ஓடினால், இவ்வளவு நேரம் ஏன் ஓடவில்லை என்று திட்டுவான். மனைவி மீனம்மா தேயிலைக் கொழுந்து எடுப்பவள். அவளுக்கும் வாய் குறைவில்லை. அந்தக் காம்பராவில் அன்பு சத்தமாகவே இருந்தது.

1963இல் தோட்டத்துக்கு ஜப்பானிலிருந்து ஓர் இயந்திரம் வந்தது. கொழுந்தை வாட்டாமல், பறித்த பச்சையோடு ஆவியில் அவித்துப் பச்சைத் தேயிலை செய்கிற இயந்திரம். அதைப் பூட்டி ஓட்டிக் காட்ட ஹமாதா என்ற பொறியியலாளர் வந்தார். ஐம்பது வயது, குட்டையான மனிதர், அரைகுறை ஆங்கிலம். அவர் பேசிய ஆங்கிலம் தோட்டத்து நிர்வாகியான துரைக்கு விளங்கவில்லை. கணேசமூர்த்தியின் ஆங்கிலமும் அரைகுறைதான் என்பதால் அவனுக்கு விளங்கியது.

ஒருநாள் ஆவிக்குழாயின் திருகை அவன் தவறான பக்கம் திருப்பப்போனான். "அபுனய்!" என்று ஹமாதா கத்தினார். கத்தியபடியே அவன் கையைப் பிடித்து இழுத்தார். ஆவி சீறி வந்து அவன் முழங்கையைத் தொட்டுவிட்டுப் போனது. கை மிச்சம். கொப்புளம் மட்டும்தான்.

அபுனய் என்றால் ஆபத்து. அவன் கற்றுக்கொண்ட முதல் ஜப்பானியச் சொல் அதுதான்.

3

அதன்பிறகு மாலைகளில், வேலை முடிந்ததும், ஸ்டோரின் பின்னறையில் ஹமாதா அவனுக்கு மொழி சொல்லிக்கொடுத்தார். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. தனியாக இருந்த மனிதருக்குப் பேச்சுத்துணை வேண்டியிருந்தது. இவனுக்கு அந்த இயந்திரத்தின்மேல் எழுதியிருந்ததையெல்லாம் படித்துவிட வேண்டும் என்ற வெறி இருந்தது.

அடுப்பு, தேநீர், குளிர், சூடு. கைக்கு எட்டியவற்றையெல்லாம் வைத்து ஹமாதா பெயரடை நடத்தினார். கோப்பையைக் காட்டி "அட்சுய்" என்பார். சூடாக இருக்கிறது. பேசிக்கொண்டிருக்கும்போதே ஆறிப்போன கோப்பையைக் காட்டி "அட்சுகத்தா" என்பார். சூடாக இருந்தது.

கணேசமூர்த்தி அதை வீட்டுக்குக் கொண்டுபோனான்.

"சமுய்" என்றான், கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு.

"சமைச்சுக்கிட்டுத்தானே இருக்கேன். கண்ணு தெரியலயா?" என்றாள் மீனம்மா.

"சமையல் இல்ல புள்ள. குளுருதுன்னு அர்த்தம். நேத்துக் குளுந்துச்சுன்னா சமுகத்தா."

"எந்தச் சமூகத்த?"

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டாள். கொழுந்துக்கூடையை இறக்கிவைக்கும்போது "ஒமொகத்தா" என்று ஒரு மாலை அவளாகவே சொன்னாள். கனமாக இருந்தது. அவன் சொன்னதே இல்லை. 'ஒமொய்' என்றால் கனம் என்று மட்டும் எப்போதோ சொல்லியிருந்தான். மீதியை அவளே திரித்திருந்தாள்.

அவளிடம் ஒரு சிக்கலையும் சொன்னான். "நய்னு முடிஞ்சா இல்லன்னு அர்த்தம். ஆனா அபுனய் மட்டும் அப்படி இல்ல. அது முழுச் சொல்லு. ஆபத்து. ஆபத்து இல்லன்னு சொல்லணும்னா அபுனகுனய்."

"ஏமாத்துற சொல்லா இருக்கே."

"புதுசாப் படிக்கிறவன் எல்லாரும் அதுலதான் விழுவானாம். ஹமாதா சொன்னாரு."

4

(இந்த இடத்தில் ஹமாதாவை நல்ல வெளிநாட்டுக்காரராக்கி, அவர் வாயால் நம் மக்களின் துயரத்துக்கு இரண்டு வரி கண்ணீர் விடவைக்கலாமா என்று யோசித்தேன். அவர் ஓர் இயந்திரத்தை விற்க வந்த கம்பனியின் ஆள். அப்படியே இருக்கட்டும்.)

இயந்திரம் ஓடத் தொடங்கியதும் கம்பனி ஒரு செய்தி அனுப்பியது. தோட்டத்திலிருந்து ஓர் ஆள் ஆறு மாதம் ஜப்பானுக்கு வந்து, இயந்திரத்தைப் பழுதுபார்க்கப் படிக்கலாம். ஹமாதா வேறு யோசனையே இல்லாமல் கணேசமூர்த்தியின் பெயரைச் சொன்னார். துரை தலையாட்டினார். தோட்டத்து ஆபீஸின் பெரிய கிளாக்கர் முத்துலிங்கமும் தலையாட்டினார். லயமே தலையாட்டியது.

பாஸ்போர்ட்டுக்காகக் கொழும்புக்குப் போனான். அங்கே இருந்த அதிகாரி கெட்டவரல்ல, அதுதான் எரிச்சல். உட்காரச் சொன்னார். சிங்களத்தில் மரியாதையாகவே பேசினார். "உங்களுக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமை இல்லையே. இந்திய அலுவலகத்துக்குத்தான் போகவேண்டும்."

"நான் பொறந்ததே இங்கதான் சேர். எங்கப்பா விண்ணப்பம் போட்டாரு."

அவன் அப்பா மாயாண்டி விண்ணப்பம் போட்டது உண்மை. இரண்டாம் உலக யுத்த காலத்தில் இந்தியாவில் துறையூருக்கு ஒரு சாவுக்குப் போனவர், திரும்ப வழியில்லாமல் ஒன்றரை வருடம் அங்கேயே மாட்டிக்கொண்டார். 'தொடர்ந்து வசிக்கவில்லை' என்று விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். அவர் செத்தும்போனார். சாவுக்குப் போய்வந்ததற்கு இவ்வளவு விலை.

கண்டியிலிருந்த இந்திய அலுவலகத்துக்குப் போனான். "நீங்க இந்தியப் பிரஜைன்னு பதிஞ்சுக்கலையே. உங்கப்பா இலங்கைக்குல்ல கேட்டிருக்காரு" என்றார்கள்.

"அவங்க குடுக்கலைங்களே."

"அப்படின்னா நீங்க"

அந்த வாக்கியத்தை அந்த அதிகாரி முடிக்கவில்லை. கோப்பைப் புரட்டப் போய்விட்டார். நானும் அதை முடிக்கப்போவதில்லை. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் போட்டு அந்த வாக்கியத்தைத் தொடங்கியவர்கள் யாரும் முடிக்கவில்லை. 'நாடற்றவர்' என்று சொல்கிறார்கள். அது வாக்கியம் இல்லை. ஒரு பெயரடையில் விகுதி ஒட்டியது, அவ்வளவுதான். 'அற்ற' என்ற அந்தச் சொல்லுக்கு நேற்றும் கிடையாது, நாளையும் கிடையாது. யார் எடுத்தார்கள் என்பதையும் அது சொல்லாது. தானே உதிர்ந்ததுபோல நிற்கும்.

தோட்டத்துக்குத் திரும்பி வந்து பெரிய கிளாக்கரிடம் சொன்னான். அவர் பேனாவைக்கூடக் கீழே வைக்கவில்லை. "கிடைக்காதுன்னு எனக்கு முதல்லயே தெரியும்."

"தெரியுங்களா?"

"அந்த ஜப்பான்காரன் இருக்கிறவரைக்கும் பாஷை தெரிஞ்ச ஆள் ஒண்ணு வேணும்தானே. சொல்லியிருந்தா நீ மேக்கொண்டு படிச்சிருப்பியா?"

5

ஹமாதா ஊருக்குப் போய்விட்டார். ஜப்பானுக்குப் போக சரிபுதீனைத் தேர்ந்தெடுத்தார்கள். அக்கரப்பத்தனை கடைவீதியில் துணிக்கடை வைத்திருப்பவரின் மகன். ஸ்டோரில் கொழுந்து நிறுப்பவன். அவன் குடும்பத்துக்குப் பிரஜாவுரிமை இருந்தது. கணேசமூர்த்தியின் சிநேகிதன். பண்டிகைக்குப் பண்டிகை இரண்டு வீட்டுச் சாப்பாடும் இடம் மாறும்.

துரை சொல்லியனுப்பினார்: போவதற்குமுன் கணேசமூர்த்தி சரிபுதீனுக்குப் பாஷை சொல்லிக்கொடுக்க வேண்டும்.

"நான் கேக்கல மச்சான். என்னைய கூப்பிட்டுச் சொன்னாங்க" என்றான் சரிபுதீன், முதல் நாளிலேயே.

"தெரியும். உக்காரு."

சமுய், சமுகுனய், சமுகத்தா. சரிபுதீன் திணறினாலும் விடாமல் சொன்னான். கணேசமூர்த்தி பொறுமையாகவே இருந்தான். கோபக்காரன் பொறுமையாக இருப்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? சரிபுதீன் பயந்திருக்க வேண்டும். அவனோ நன்றியோடு இருந்தான்.

கடைசி வகுப்பில் சரிபுதீன் கேட்டான். "இந்த அபுனய்னு ஒண்ணு மெஷின்ல எழுதியிருக்காமே. அது என்ன?"

கணேசமூர்த்தி முழங்கைத் தழும்பைத் தடவியபடி உட்கார்ந்திருந்தான்.

(நானும்தான். இங்கே பல நாள் உட்கார்ந்திருந்தேன்.)

"நய்னு முடிஞ்சா என்ன அர்த்தம்?" என்று கேட்டான்.

"இல்ல."

"அப்ப அபுனய்னா?"

"ஆபத்து இல்ல."

"அவ்வளவுதான்" என்றான் கணேசமூர்த்தி.

6

இப்போது நீங்கள் முகம் சுளிக்கிறீர்கள். பாதிக்கப்பட்டவன் பாதிக்கப்பட்டவனாகவே இருந்திருந்தால் உங்களுக்கு வசதியாக இருந்திருக்கும். அழுதிருக்கலாம், விதியே என்றிருக்கலாம். உங்களுக்குப் பிடித்தமான வேறொரு கணேசமூர்த்தியையும் எழுதிப் பார்த்தேன். அவன் 'நான் போகாவிட்டால் என்ன, நண்பன் போகட்டும்' என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவன்மேல் எனக்குப் பாசமே வரவில்லை. அந்தத் தாளில் அடுப்பு மூட்டினேன்.

ஆனால் என் கணேசமூர்த்தியைப் பார்த்தும் எனக்குப் பயமாக இருந்தது. எங்கோ ஒரு தொழிற்சாலையில் ஆவி சீறும். யாரோ 'அபுனய்' என்று கத்துவார்கள். சரிபுதீன், ஆபத்தில்லை என்று நினைத்து, கையை எடுக்காமல் நிற்பான்.

7

கணேசமூர்த்தி அதை மீனம்மாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னான். அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

"உங்க கொப்புளத்துக்கு எண்ண தடவினது யாரு?"

"நீதான்."

"அது ஆவியோட வெறும் மேல்காத்து. அது பட்டதுக்கே அந்தக் கத்துக் கத்துனீங்க."

"அவனுக்கு அங்க யாராவது சொல்லிக்குடுப்பாங்க. போ."

"சொல்லிக்குடுக்கறதுக்கு முந்தி கை போயிட்டா?" அவள் எழுந்துவிட்டாள். மாவுக்கையோடு அவன் முன்னால் வந்து நின்றாள். "ஒங்க பாஸ்போட்ட சரிபுதீனா தின்னான்? எனக்கும்தான் எரியுது. நீங்க போவீங்கன்னு நானும்தான் லயம் பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அந்தக் கிளாக்கர ஒரு வார்த்த கேட்டீங்களா? தொரைய கேட்டீங்களா? கைக்கு எட்டுனவன் கூட்டாளி. அவனப் போய் கடிச்சிட்டு வந்திருக்கீங்க."

"கேட்டா வேலையப் புடுங்குவான்."

"ஆங். அதான். பயம். கோவம் கோவம்னு இத்தன நாளும் காட்டுனதெல்லாம் பயம்."

அவன் கையை ஓங்கினான். அவள் நகரவில்லை. ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டான்.

மறுநாள் தலவாக்கலை ஸ்டேஷன். பதுளையிலிருந்து கொழும்புக்குப் போகும் ரயில் வந்து நின்றிருந்தது. சரிபுதீனைச் சுற்றி அவன் குடும்பமே நின்றது. தங்கை நஸீரா அழுதுகொண்டிருந்தாள். கணேசமூர்த்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனான்.

"நீ வரமாட்டேன்னு நெனச்சேன் மச்சான்" என்று சரிபுதீன் அவன் கையைப் பிடித்தான்.

"அபுனய்னா ஆபத்து."

"என்ன?"

"ஆபத்து இல்லன்னு இல்ல. ஆபத்து. யாராவது அப்படிக் கத்துனா கையை எடுத்துட்டு ஓடிரு. தப்பாச் சொல்லிக்குடுத்தேன்."

"மறந்து சொல்லிட்டியா?"

"இல்ல. தெரிஞ்சேதான்."

சரிபுதீன் அவனைப் பார்த்தான். பிறகு, வாப்பாவும் தங்கையும் பார்த்துக்கொண்டிருக்க, பளாரென்று அறைந்தான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலில் ஏறினான். ஜன்னல் பக்கம் வரவேயில்லை.

ஜப்பானியத்தில் 'யொகத்தா' என்று ஒரு சொல் உண்டு. 'நன்றாக இருந்தது' என்பது நேர்ப்பொருள். பதைபதைத்த நெஞ்சு ஆறும்போது, 'அப்பாடா, நல்லவேளை' என்பதற்கும் அதையே சொல்வார்கள். நீங்கள் இப்போது அதைத்தான் சொல்கிறீர்கள். எனக்குக் கேட்கிறது. அவன் திருந்திவிட்டான், எல்லாம் சரியாகிவிட்டது என்று புத்தகத்தை மூடப் பார்க்கிறீர்கள்.

என்ன சரியாகிவிட்டது? பாஸ்போர்ட் கிடைத்துவிட்டதா? உட்காருங்கள்.

8

கோபத்துக்கு ஜப்பானியத்தில் என்ன சொல் என்று கணேசமூர்த்தி ஒருமுறை ஹமாதாவிடம் கேட்டிருந்தான். 'ஒகொரு' என்றார். அதைப் பெயரடைபோலத் திரிக்கப் பார்த்தான், வரவில்லை. ஹமாதா சிரித்தார். அது பெயரடை அல்ல, வினை. கோபம் ஒருவன் செய்கிற காரியம்.

அடுத்த நாள் விடியலில் பெரட்டுக்களத்தில், வேலைக்குப் பேர் கொடுக்க ஆட்கள் வரிசையாக நின்ற இடத்தில், அவன் முன்னால் போய் நின்றான். துரை இருந்தார். பெரிய கிளாக்கர் இருந்தார்.

"கிளாக்கரையா, எனக்குப் பாஸ்போட்டு கெடைக்காதுன்னு தெரிஞ்சே மேக்கொண்டு படிக்க விட்டீங்க. தொரைக்கும் தெரியும். ஏன் சொல்லல?"

முத்துலிங்கம் பேர்ப் புத்தகத்தை மூடினார்.

"இங்க பேசுற விஷயமா இது? லயத்துக்குப் போ" என்றார் முத்துலிங்கம்.

"எங்க போறது? எது என் லயம்? சொல்லுங்க. கொழும்புல போய்க் கேட்டேன், கண்டியில போய்க் கேட்டேன். நீங்களாவது சொல்லுங்க."

கங்காணி செல்லசாமி அவன் தோளைப் பிடித்தார். அவன் உதறினான். பெண்கள் வரிசையிலிருந்து மீனம்மாவின் குரல் வந்தது. "கேக்குறாருல்ல. பதில் சொல்லுங்க."

இன்னொரு குரல் சேர்ந்தது. பிறகு இன்னொன்று. துரை பங்களாவுக்கு நடந்துவிட்டார். அன்று மாலையே கணேசமூர்த்தியை ஸ்டோரிலிருந்து தூக்கி, மலையில் கான், அதாவது வடிகால், வெட்டப் போட்டார்கள். மண்வெட்டி பிடித்து இரண்டு கையும் பிய்ந்துபோயின. ஆனால் இராத்திரியில் நன்றாகத் தூங்கினான். அதை மீனம்மாதான் சொன்னாள்.

ஆறு மாதம் கழித்துச் சரிபுதீன் பத்து விரலோடு திரும்பி வந்து ஸ்டோருக்குப் பொறுப்பானான். இயந்திரம் மக்கர் செய்தபோது துரையிடம் சண்டைபிடித்து கணேசமூர்த்தியை மறுபடி உள்ளே எடுத்தது அவன்தான். ஆனாலும் இருவரும் முன்போலப் பேசிக்கொள்ளவில்லை. ஆவிக்குழாயின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று "அட்சுய்", "அட்சுகுனய்" என்பதோடு சரி. சாப்பாடு இடம் மாறவில்லை. அதற்கு நான் யாரைக் குற்றம் சொல்வது என்று தெரியவில்லை.

9

1964 அக்டோபரில் இரண்டு நாடுகளின் தலைவர்களும் டில்லியில் கூடி இந்த மக்களைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். இவ்வளவு இலட்சம் பேர் அங்கே, இவ்வளவு இலட்சம் பேர் இங்கே, மிச்சமுள்ள ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். யாரையும் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கரும்பாறைத் துரைக்கு வேறு கவலை. ஆட்கள் போய்விட்டால் கொழுந்தெடுக்க எத்தனை பேர் மிஞ்சுவார்கள்? வீட்டுக்கு வீடு கேட்டுவரச் சொல்லிப் பெரிய கிளாக்கரை அனுப்பினார். முத்துலிங்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகலில் நடு லயத்துக்கு வந்து கணேசமூர்த்தியின் காம்பரா வாசலில் நின்றார்.

உள்ளே வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது.

இங்கே நான் மூன்று முடிவுகள் எழுதிவைத்திருந்தேன். ஒன்றில் அவர்கள் கப்பலேறி, ஒருநாளும் பார்த்திராத துறையூருக்குப் போகிறார்கள். ஒன்றில் இங்கேயே இருக்கிறார்கள். மூன்றாவதில் அவன் ஒன்றைச் சொல்ல, அவள் வேறொன்றைச் சொல்ல, குடும்பம் கடலுக்கு இரண்டு பக்கமும் கிழிகிறது. மூன்றாவது நன்றாக வந்திருந்தது. படித்தால் அழுவீர்கள்.

மூன்றையும் கிழித்துவிட்டேன். கொழும்பு முடிவு செய்தது, டில்லி முடிவு செய்தது, தோட்டத்து ஆபீஸ் முடிவு செய்தது. அந்த வரிசையின் கடைசியில் பேனாவோடு போய் நிற்க எனக்குக் கூசுகிறது. முடிவை உங்களிடம் தரலாம் என்றால், நீங்கள் மட்டும் யார்?

முத்துலிங்கம் கதவைத் தட்டினார். மீனம்மா பாதி திறந்து எட்டிப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் நான் நின்றேன். எனக்குப் பின்னால் நீங்கள்.

"இந்தியாவா, இலங்கையா? ஒண்ணச் சொல்லும்மா, நான் போகணும்" என்றார் அவர்.

"பொறுங்க" என்றாள் மீனம்மா. "நாங்க இன்னும் பேசி முடிக்கல."

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.